அம்மாவின் அட்டிகையை உருக்கலாமா?

நங்கநல்லூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அப்பா போய்ப் பல வருடமாகிறது, போன வருடம் அம்மாவும் காலமானார். லாக்கரைத் திறந்தபோது சிவப்புக்கல் அட்டிகை ஒன்று, வைரத்தோடு ஒரு ஜோடி, தாத்தாவின் சின்னப் படம் வைத்த லாக்கெட், அப்பா போனபின் அம்மா கழற்றி வைத்த திருமாங்கல்யம், குழந்தைக்குக் கட்டிய வெள்ளித் தாயத்து, ஒரு புலிநகப் பதக்கம் இவையெல்லாம் இருந்தன. அட்டிகை கொள்ளுப்பாட்டி காலத்தது, நூற்றைம்பது வருடம் பழசு என்று வீட்டில் பேச்சு. தி.நகரில் ஒரு கடையில் காட்டினால், மொத்தம் 64 கிராம், கல்லும் அரக்கும் போக 40 கிராம்தான் தங்கம், அதுவும் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைவு, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். தம்பி அமெரிக்காவில், தங்கை கோயம்புத்தூரில். உருக்குவதா, வைத்துக்கொள்வதா, மூன்று பேருக்கும் எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்.

நான் பல வருடம் வங்கி நகைக்கடனுக்கு மதிப்பீடு செய்தவன். உரைகல்லில் உரைத்து, கல் எடையைக் கழித்து, நிகர எடை இவ்வளவு என்று கையெழுத்துப் போடுவதுதான் வேலை. அதனால் அந்தக் கடைக்காரர் போட்ட கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. அவர் உங்களை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். இதில் எவ்வளவு தங்கம் என்பது மட்டும்தான் அவருக்கு முன்னால் இருந்த கேள்வி, அதற்கு அவர் பதில் சொன்னார். இது என்ன நகை, எப்போது செய்தது, எப்படிச் செய்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பழைய நகையைத் தராசில் வைப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை உருக்குகிற பேச்சை ஒத்திப் போடுங்கள்.

பழைய நகை எதையுமே உருக்கக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். எண்பதுகளில் மெஷினில் செய்த செயின், நெளிந்துபோன வளையல், ஒற்றைக் கம்மல் இதையெல்லாம் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். அதே மாதிரி இன்னொன்று நாளைக்கே கடையில் கிடைக்கும். கையால் கட்டிய கல் அட்டிகை அப்படி இல்லை.

அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முழுவதும் தகடு போட்டு மூடியிருந்தால் அது க்ளோஸ்டு செட்டிங். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சின்னக் குழி இருக்கும், அடியில் அரக்கு, அதன்மேல் பளபளப்பான மெல்லிய தாள், அதற்கு மேல் கல். கல்லைச் சுற்றிச் சொக்கத் தங்கத்தை நாடா போல இழுத்து, சூடு காட்டாமலே அழுத்தி அழுத்திப் பிடிக்க வைத்திருப்பார்கள். இதைத்தான் குந்தன் கட்டு என்கிறோம். சுத்தத் தங்கம் அவ்வளவு மிருது, அழுத்தினாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் கல்லுக்குள் போய் அடியில் உள்ள தாளில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் தெரிகிறது. மின்சாரம் வருவதற்கு முந்தைய கல்யாண வீடுகளுக்காகச் செய்த வேலை அது.

இப்போது உருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அரக்கு எரிந்து போகும். தாள் போகும். கற்களை நெம்பி எடுக்கும்போது பாதி விளிம்பு உடையும். மிஞ்சிய கற்களைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுப்பார்கள், தாள் இல்லாமல் அவை மங்கலாகத் தெரியும், "பார்த்தீர்களா, கல் ஒன்றும் பெரிதில்லை" என்பார்கள். புது நகை எடுக்கும்போது அதற்குச் செய்கூலி, சேதாரம் மறுபடியும் நீங்கள்தான் தர வேண்டும். ஆக, ஒரு தலைமுறை ஏற்கனவே கூலி கொடுத்துச் செய்த வேலையைக் கழித்துவிட்டு, அதைவிடச் சாதாரண வேலைக்கு இன்னொரு கூலி. வெறும் பணக் கணக்கிலேயே இது நஷ்டம்.

மாற்றுக் குறைவு என்றது பற்றி. பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் படிக்கும் விதம் வேறு. அந்தக் காலத்தில் துண்டு துண்டாகச் செய்து பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்தால்தான் சீக்கிரம் உருகும். ஒட்டு அதிகமுள்ள நகையை மொத்தமாக உருக்கினால் மாற்று இறங்கத்தான் செய்யும், தகடு மட்டும் 22 காரட்டுக்கு மேலேயே இருந்தாலும். கடையில் வைத்துப் பார்க்கும் கேரட் மீட்டர் எக்ஸ்ரே கதிரால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். ஒட்டுமேல் வைத்தால் ஒரு எண், தகட்டின்மேல் வைத்தால் வேறு எண். மூன்று நான்கு இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புது நகையை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றன. அப்போது தொழிலை விட்ட நகை செய்யும் பத்தர்கள் ஏராளம். 1968ல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாகவே வந்தது, 1990ல்தான் நீங்கியது. அந்த அறுபதுகளில் செய்த அல்லது பழுது பார்த்த நகையில் மாற்றுக் குறைந்திருந்தால் பத்தர் மேல் பழி போடாதீர்கள், சட்டமே அப்படி இருந்தது.

ஹால்மார்க் இல்லையே என்று பயப்படவும் வேண்டாம். ஹால்மார்க் கட்டாயமானது 2021 ஜூன் 16 முதல். ஆறு எழுத்து கொண்ட தனி அடையாள எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது என்றானது 2023 ஏப்ரல் 1 முதல். இரண்டுமே விற்கிற கடைக்கான விதி. வீட்டில் உள்ள பழைய நகையை நீங்கள் வைத்துக்கொள்ளவோ கடைக்கு விற்கவோ தடை கிடையாது. குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்கு உண்டு. வெறும் தங்க நகைக்கு மாற்றுத் தெரிய வேண்டுமானால், இந்தியத் தர நிர்ணய அமைப்பு அங்கீகரித்த பரிசோதனை மையத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வயது. நூற்றைம்பது வருடம் என்ற பேச்சை நான் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. எங்கள் தொழிலில் கேட்ட வயதில் பாதியைப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பது வழக்கம். ஆனால் கல்லே கொஞ்சம் சாட்சி சொல்லும். 1902ல் ஒகுஸ்த் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நெருப்புச் சுடரில் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் கொஞ்ச காலத்திலேயே அந்தக் கல் உலகம் பூராவும் மலிந்துவிட்டது, நம் ஊருக்கும் வந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அதற்குள் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவோ கோணமாகவோ ஓடும், ஊசி ஊசியாக நூலிழை மாதிரியும் தெரியலாம். அட்டிகையில் எல்லாக் கல்லும் வெர்னேய் கல் என்றால் அது 1902க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. ஒன்றிரண்டு மட்டும் அப்படி என்றால், விழுந்த கல்லுக்குப் பதில் பின்னால் வைத்தது. எல்லாமே இயற்கைக் கல்லாகவும், முகப்பு வெட்டாமல் மழமழவென்றும், ஒன்றுக்கொன்று அளவில் சின்ன வித்தியாசத்தோடும் இருந்தால் வீட்டுப் பேச்சில் உண்மை இருக்கலாம். பர்மாவின் மோகோக் சுரங்கத்துச் சிவப்புக் கற்கள் தமிழ்நாட்டுக்கு நிறைய வந்தன. அந்தப் பக்கம் வியாபாரம் செய்த நகரத்தார் குடும்பங்கள் மட்டும் இல்லை, ரங்கூனில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள்கூடக் கொண்டுவந்தார்கள். அதில் மாணிக்கமும் இருக்கும், அதைப் போலவே சிவக்கும் ஸ்பினல் என்ற வேறு கல்லும் இருக்கும். கண்ணால் பிரிப்பது கஷ்டம், ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் பிரித்துச் சொல்வார்கள்.

சென்னையில் கேட்பதால் இதையும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் விற்கும் நாட்டிய செட்டும் பார்க்க இதே அட்டிகை மாதிரிதான் இருக்கும். அது நாகர்கோவில் வடசேரி வழியில் வெள்ளியில் செய்து தங்கத் தகடோ முலாமோ ஏற்றிக் கெம்பு பதித்தது. உங்கள் வீட்டில் யாராவது பரதநாட்டியம் ஆடியிருந்தால் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்திருக்க வாய்ப்புண்டு. கழுத்தில் உராயும் விளிம்பையும், கயிறு கோக்கும் வளையத்தையும் பாருங்கள். தேய்ந்த இடத்தில் வெளுப்பு எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளி. உங்கள் விஷயத்தில் கடைக்காரர் தங்கம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் இது மற்றவர்களுக்காக.

கொக்கியிலோ பின்தகட்டிலோ ஏதாவது எழுத்து இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலான பத்தர்கள் முத்திரை வைக்க மாட்டார்கள். ஆனால் மவுண்ட் ரோட்டு பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்களின் முத்திரை இருந்தால் கதையே வேறு. அவர்கள் கடிகாரம் மட்டும் விற்கவில்லை. தெய்வ உருவங்களைப் புடைப்பாக வைத்த "சாமி நகை" என்ற வகையைச் செய்து வெள்ளைக்காரர்களிடம் பேர் வாங்கியவர்கள். 1875ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்த சமயத்தில் அந்த மோஸ்தர் உச்சத்தில் இருந்தது. அப்படி ஒன்று கிடைத்தால் தங்க விலையை மறந்துவிடுங்கள், பழம்பொருள் ஏலக்காரர்களின் கணக்கு தனி.

வைரத்தோட்டுக்கு வருவோம். அதுவும் க்ளோஸ்டு செட்டிங்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு கல் பூ மாதிரி அமைந்த பழைய தோட்டில் வைரத்தின் நிறத்தையும் எடையையும் கல்லைக் கழற்றாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அடியில் உள்ள தாள் நிறத்தைத் தூக்கிக் காட்டும். "ப்ளூ ஜாகர்" என்று அம்மா சொல்லியிருப்பார். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த பேர் அது. லேசான நீல ஒளியோடு கிடைத்த நல்ல கல்லுக்கு வைத்த பேர், பிற்பாடு எல்லாத் தோட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே வைரம் கிடைத்ததே 1870ல்தான், அதனால் அதற்கு முந்தைய தோட்டுக்கு அந்தப் பேர் பொருந்தாது. சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்பதற்காகக் கல்லைக் கழற்றாதீர்கள். கழற்றினால் பழைய கட்டு போச்சு, மறுபடி அதே மாதிரி கட்டித் தர ஆள் கிடைப்பது அரிது. விற்கப் போவதில்லை என்றால் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தோட்டின் திருகாணியில் ஒரு விஷயம். பழையவற்றில் மரை கையால் வெட்டியது, வலதுக்குச் செய்தது இடதில் சரியாக ஏறாது. சில பத்தர்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். மாற்றிப் போட்டு முறுக்கி மரை தேய்ந்து, கடைசியில் கல்யாண மண்டபத்தில் தோடு தொலைந்த கேஸ் நிறைய.

லாக்கெட்டும் தாயத்தும்தான் நீங்கள் சொன்ன பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தவை, இரண்டிலும் சேர்த்து ஒரு பவுன் தங்கம்கூட இருக்காது என்றாலும். இங்கிலாந்தில் விக்டோரியா ராணி காலத்தில் இந்த வகை நகைக்குத் தனி மரபே இருந்தது. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் ராணி கடைசிவரை துக்க உடையிலேயே இருந்தார், நாடே கறுப்பு ஜெட் கல் நகைக்கு மாறியது. இறந்தவரின் தலைமுடியைப் பின்னி லாக்கெட்டில் வைப்பார்கள், மோதிரத்தின் உட்பக்கம் பேரும் தேதியும் வெட்டுவார்கள். மாணிக்கம், மரகதம், கார்னெட், அமெதிஸ்ட், மறுபடி மாணிக்கம், வைரம் என்று வரிசையாக வைத்து, கற்களின் ஆங்கிலப் பேர்களின் முதல் எழுத்தைச் சேர்த்தால் "ரிகார்ட்" என்று படிக்கும்படி காதலிக்கு மோதிரம் செய்தார்கள். சென்னையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இப்படிப்பட்ட லாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. நம் வீடுகளில் இறந்தவர் முடியை வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. அதற்குப் பதில், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினோம். அங்கே பிரிந்தவரின் நினைவு, இங்கே வந்தவரின் காப்பு.

அந்தத் தாயத்தைத் திறக்காதீர்கள். சுத்தம் செய்கிறேன் என்று மூடியை நெம்பி, உள்ளே இருப்பதைக் குப்பை என்று தட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும். யாருடைய தாயத்து என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். லாக்கெட்டில் படத்தின்மேல் உள்ள கண்ணாடி தானாக வந்தால் ஒழிய எடுக்க வேண்டாம். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுத்தவுடன் முகம் உரிந்து வரும். அப்படியே வைத்து நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பெரிதாக்கி மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லாக்கெட்டைத் தண்ணீரில் காட்டவே கூடாது.

திருமாங்கல்யம் பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். சிலர் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள், சிலர் அம்மனுக்குப் பொட்டு செய்து சாத்துகிறார்கள், சிலர் உருக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு மோதிரமாகச் செய்கிறார்கள். இதில் உருக்குவதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அம்மாவின் தாலித் தங்கம் மூன்று பேர் விரலில் இருப்பது நல்ல முடிவுதான். உங்கள் பெரியம்மாவோ அத்தையோ இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

புலிநகத்தைத் தனியாக, கவனமாகப் பேச வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வேட்டையாடிய நகத்தைத் தங்கத்தில் கட்டிக் குழந்தைக்கும் ஆண்களுக்கும் போடுவது நம் பக்கம் சர்வ சாதாரணம். ஆனால் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அசல் புலிநகத்தை உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை வரை போகக்கூடியது. வீட்டில் உள்ளதை அறிவித்துச் சான்று பெற 2003ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. பாட்டி காலத்து நகை என்பது சட்டத்துக்கு முன் பதில் ஆகாது. அதை விற்காதீர்கள், தங்கைக்கும் கொடுக்காதீர்கள், போட்டோவை வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். பழைய புலிநகங்களில் கொம்பிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த போலிகள் கணிசம், உங்களதும் அப்படி இருக்கலாம். ஆனாலும் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, அவர் மூலமாகவே வனத்துறையை அணுகுங்கள். யானைமுடி மோதிரம் இருந்தாலும் இதே கதைதான்.

சரி, பங்குக்கு வருவோம். அம்மாவின் நகை பெண்களுக்குத்தான் என்பது வழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் ஒரு இந்துப் பெண் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவுப்படி மகன், மகள், கணவர் எல்லோருக்கும் சம பங்கு. அப்பா இல்லாததால் உங்கள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. லாக்கருக்கு யார் நாமினி என்பது பெட்டியைத் திறக்கும் உரிமை மட்டும், நகைக்குச் சொந்தக்காரர் யார் என்பதை அது முடிவு செய்யாது. அட்டிகையை மூன்றாக வெட்ட முடியாது என்பதால்தான் பல வீடுகளில் உருக்குகிற யோசனையே வருகிறது. அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம்: எல்லா நகைக்கும் ஒரே நாளில், ஒரே மதிப்பீட்டாளரிடம் மதிப்புப் போடுங்கள். அட்டிகைக்கும் தோட்டுக்கும் தங்க மதிப்பு தனியாக, வேலைப்பாட்டுக்கு நீங்கள் மூவரும் ஒத்துக்கொள்ளும் ஒரு தொகை தனியாக. யார் எதை எடுத்துக்கொள்கிறாரோ அவர் மற்ற இருவருக்கும் வித்தியாசத்தைப் பணமாகக் கொடுக்கட்டும். மூவரும் கையெழுத்துப் போட்டு எழுதி வையுங்கள்.

அட்டிகை யாருக்கு? என் அபிப்பிராயம் கேட்டால், வருடத்துக்கு ஒரு முறையாவது கழுத்தில் போடுகிறவருக்கு. மூத்தவர், அதிகம் பணம் போட்டவர், அம்மாவைக் கடைசியில் பார்த்துக்கொண்டவர் என்பதெல்லாம் சண்டைக்குத்தான் வழி. போட்டுக்கொள்ளும் பெண்ணிடம் இருந்தால் தொய்ந்த கல் உடனே கண்ணில் படும், வளையம் தேய்ந்தால் பத்தரிடம் போகும். லாக்கரில் முப்பது வருடம் தூங்கும் நகையில் அரக்கு வறண்டு தூளாகி, ஒரு நாள் எடுக்கும்போது கல் கையில் வரும். மூன்று வீட்டுக்கும் சேர்த்து, கல்யாணம் வந்தால் யார் வீட்டுப் பெண்ணுக்கும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. இதைச் செய்த குடும்பங்களில் ஒரே அட்டிகை எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கும்.

தம்பி எடுத்துப் போவதில்தான் அந்த நூற்றைம்பது வருடப் பேச்சு இடிக்கிறது. 1972ல் இயற்றி 1976ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. அவ்வளவு வயதில்லை என்று காட்ட வேண்டுமானால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கலாம். அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. உண்மையிலேயே நூறு தாண்டியது என்று தெரிந்தால் அட்டிகை இங்கேயே இருக்கட்டும், தம்பிக்குத் தோடோ பணமோ போகட்டும். மற்ற நகையை எடுத்துப் போவதானால், திரும்பக் கொண்டுவரும்போது வரித் தொல்லை இல்லாமல் இருக்கப் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வருமான வரி பற்றிச் சுருக்கமாக. வாரிசாக வந்த நகைக்கு வரும்போது வரி கிடையாது. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அம்மாவிடமோ பாட்டியிடமோ 2001 ஏப்ரலுக்கு முன்பே இருந்ததென்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று எல்லோரும் சொல்வது சோதனையின்போது பறிமுதல் செய்யாமல் விடுவதற்காக 1994ல் வந்த அறிவுறுத்தல், வைத்திருப்பதற்கான உச்சவரம்பு அல்ல.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கல் இல்லாத தங்கத்தை வெதுவெதுப்பான பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவலாம். அட்டிகைக்கும் தோட்டுக்கும் தண்ணீர் எதிரி. ஒரு சொட்டு உள்ளே போனாலும் தாள் கறுக்கும், கறுத்தால் கல் செத்த மாதிரி ஆகிவிடும். கடைகளில் இலவசமாகச் செய்து தருகிறோம் என்னும் அல்ட்ராசானிக் தொட்டியில் அதை ஒருபோதும் போட விடாதீர்கள். மெருகு ஏற்றித் தருகிறோம் என்பதற்கும் சரி சொல்லாதீர்கள், நகாசு வேலையின் கூர் தேய்ந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ், பழைய மல் துணி, இது போதும். பற்பசை வேண்டாம். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்தபின் கடைசியாக நகையைப் போடுங்கள், கழற்றியவுடன் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். கடையில் மடித்துத் தரும் ரோஸ் காகிதத்திலேயே வருடக்கணக்கில் வைக்க வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும், முத்து இருந்தால் கறை போகாது.

லாக்கர் பாதுகாப்பானதுதான், ஆனால் முழு உத்தரவாதம் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கி தரும் இழப்பீடு வருட வாடகையின் நூறு மடங்கு வரைதான். வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. உங்கள் கிளையில் லாக்கர் அறை தரைத்தளத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், மேல்தளத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். நகையை நல்ல ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள், கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். வீட்டுக் காப்பீட்டில் நகையைச் சேர்ப்பதானால் மதிப்பீட்டுச் சான்றும் படங்களும் கேட்பார்கள்.

அந்தப் படங்களை இப்போதே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நகையும் முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, பக்கத்தில் ஒரு ஸ்கேல். எடை, கல் எண்ணிக்கை, எந்தக் கல் மாற்றியது என்ற குறிப்பு. பழைய கல்யாணப் படங்களில் அட்டிகை யார் கழுத்தில் இருக்கிறது என்று தேடினால் வயதைப் பற்றியும் நல்ல சாட்சி கிடைக்கும். உறவில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் அவரிடம் நகையைக் கையில் கொடுத்து, போனில் பதிவு செய்யுங்கள். 1942ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியானபோது நகையை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் அங்கிருந்துதான் உண்மையான கதை ஆரம்பிக்கும்.

தளர்ந்த கற்களைக் கட்டக் கொடுக்கும்போது, குந்தன் கட்டு தெரிந்த ஆளா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய ஷோரூமில் கொடுத்தாலும் வேலை சவுகார்பேட்டையிலோ மயிலாப்பூரிலோ ஏதோ ஒரு மாடிப் பட்டறையில்தான் நடக்கும், முடிந்தால் நேரே அங்கேயே போங்கள். முன்பு கட்டிய நகை ஒன்றைக் காட்டச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வளையம் ஒட்டுவதற்கு ஊதுகுழாய் நெருப்பு வைத்தால் பக்கத்து அரக்கு உருகிவிடும், லேசர் ஒட்டு செய்கிற இடமாகக் கேளுங்கள். விடும்போது ரசீதில் மொத்த எடை, கல் எண்ணிக்கை, ஏற்கனவே இல்லாத கல் எது என்று எழுதி வாங்குங்கள். விழுந்த கல்லுக்குப் புதுக்கல் வைத்தால் அது என்ன கல் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பழைய கல்லைத் தனிப் பொட்டலத்தில் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே ரசீதில் இருக்கட்டும். ரசீது தர யோசிக்கிற பட்டறையில் நகையைக் கழற்றிக்கூடக் காட்ட வேண்டாம்.